ஒரு பைட்டில் அடங்காத மழை

பதுளையில் எங்கள் அலுவலகத்தை ஊரார் மழைக் கந்தோர் என்பார்கள். மழை கூடிப்போனால் எங்களைத் திட்டுவார்கள். பெய்யாவிட்டாலும் எங்களைத்தான் திட்டுவார்கள். நாங்கள் செய்தது என்னவோ ஒரே ஒரு வேலை. சுற்றுவட்டாரத்துப் பன்னிரண்டு தேயிலைத் தோட்டங்களில் காலை எட்டரைக்கு அளந்த மழையை ரேடியோவில் கேட்டு எழுதிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது. எண்பதுகளின் பின்பாதியில், ஏதோ ஒரு வெளிநாடு கொடுத்த பணத்தில் ஆரம்பித்த திட்டம். மலை சரிவதற்கு முன்பே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்களை எச்சரித்துவிடலாம் என்று அதன் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. முதல் பக்கத்துக்குப் பிறகு அந்தக் கோப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ரேடியோவில் கேட்டு எழுதுவது என் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு டெலிபோன் வழியாக அனுப்புவது அவருடைய வேலை. அவரை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பது வயது இருக்கும், என்னைவிட மூன்று வயது மூத்தவர். காலை ரயிலில் வருவார், மாலை ரயிலில் போவார். குடையைக் கம்ப்யூட்டர் மேசையின் ஓரத்தில் தொங்கவிடுவார். அதிலிருந்து தண்ணீர் சொட்டி மெஷின் கெட்டுவிடும் என்று பியோன் சொன்ன நாளிலிருந்து குடைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் வந்தது. குடை இடம் மாறவில்லை.

அவரை நினைத்தால் முதலில் ஒரு சொல்தான் காதில் விழுகிறது. தெரியாது.

அரசாங்க அலுவலகத்தில் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. பியோன் 'பார்த்துச் சொல்றேன்' என்பார். எங்கள் பொறுப்பதிகாரியான என்ஜினியர், அவரை நாங்கள் சேர் என்போம், 'மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கோம்' என்பார். மிஸ் மட்டும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் 'தெரியாது' என்பார். வெட்கப்பட்டும் சொல்லமாட்டார், பெருமையாகவும் சொல்லமாட்டார்.

"மிஸ், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?" என்று சேர் கேட்பார்.

"தெரியாது சேர்."

"சும்மா ஒரு குத்துமதிப்பா?"

"குத்துமதிப்பாவும் தெரியாது."

ஒரு மாலை நானும் அவரோடு பதுளை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். கையில் கோழிக் கூடையோடு வந்த ஒருவர், இந்த ரயில் பண்டாரவளைக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று அவரிடம் கேட்டார். "தெரியாது" என்றார் மிஸ். அந்த மனிதர் வேறு ஆளைத் தேடிப் போனதும், "தினமும் இந்த ரயில்லதானே போறீங்க?" என்றேன்.

"புத்தகத்துல போட்டிருக்கிற நேரம் தெரியும். போய்ச் சேருற நேரம் தெரியாது. அவர் கேட்டது போய்ச் சேருற நேரம்."

இன்னொரு திங்கட்கிழமை அவரைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து ஆட்கள் வந்துபோன கதையைச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "என்ட மகனோட சந்தோஷமா ஈப்பீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். இவர் தெரியாது என்றிருக்கிறார். வந்தவர்கள் வட்டிலப்பத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. "வாப்பாவுக்குத்தான் சரியான கோவம்" என்றார் மிஸ். "அவரைப் பார்த்து அரை மணித்தியாலம் ஆகல்ல. நான் வேற என்ன செல்ற?"

அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த வெளிநாட்டு நிபுணர் மூன்று வாரம் இருந்தார். போகும்போது ஒரு புரோகிராமையும் சி என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனார். அவருடைய புரோகிராம் ஒரு பக்கம் முழுவதையும் அனுப்பும். தலைப்பு, தேதி, பதுளையில் காற்றடிக்கும் திசை, பன்னிரண்டு தோட்டங்களின் முழுப் பெயர்கள், கோடு போட்ட கட்டங்கள். போய்ச் சேர ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட எடுக்கும். வெயில் நாட்களில் பிரச்சினை இல்லை. மழை பிடித்தால் கொழும்பு லைன் பத்து விநாடிகூட நிற்காது, பாதியில் அறுந்துவிடும். ஆகவே, மழை இல்லாத நாட்களில் மழை விவரம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மிஸ் அந்தப் புத்தகத்தை நாலு மாதம் படித்தார். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் கட்டம் கட்டமாக ஏதோ எழுதுவார், அழிப்பார். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"காத்து எத்தனை திசையில அடிக்கும்?"

"எட்டுன்னு வையுங்க."

"எட்டு எண்டா மூணு போதும்."

"மூணு என்ன மிஸ்?"

அவர் என் லாக் புத்தகத்தின் ஓரத்தில் மூன்று வட்டம் வரைந்தார். "மூணு பல்பு. ஒவ்வொண்டும் எரியும், இல்லாட்டி எரியாது. மாத்தி மாத்திப் போட்டா எட்டு விதம். ஒரு விதத்துக்கு ஒரு திசை. வடக்கு, கிழக்கு எண்டு எழுத்துல எழுதி அனுப்பத் தேவல்ல."

மாதத்துக்கு நாலு பல்பு. தேதிக்கு ஐந்து. தோட்டத்தின் பெயருக்கு ஒன்றும் இல்லை. பெயர் இல்லாமல் எந்தத் தோட்டம் என்று கொழும்பில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வரிசையில நிக்கிற இடம்தான் பெயர்" என்றார். அன்றிலிருந்து தோட்டங்களை நாங்களும் நம்பரால்தான் கூப்பிட்டோம். ஒவ்வொரு தோட்டத்தின் மழைக்கும் எட்டு பல்பு, அதாவது ஒரு பைட். எல்லாம் சேர்த்துப் பதினாறு பைட். முன்பு ஒரு நிமிஷம் இழுத்தது இப்போது ஒரு தும்மல் நேரத்தில் போய்விடும். லைன் அறுவதற்குள் போய்விடும். கொழும்பில் உள்ள கம்ப்யூட்டர் அதைப் பிரித்துப் பழையபடி அட்டவணையாக அச்சடித்துக்கொள்ளும்.

அவ்வளவு சிக்கனமாக இடத்தை எண்ணியவர் ஓரிடத்தில் மட்டும் தாராளமாகச் செலவு செய்தார். எட்டு பல்பில் சைபரிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எழுதலாம். அந்தக் கடைசி எண்ணை, எட்டு பல்பும் எரிகிற எண்ணை, மழைக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பொருள் 'தெரியாது'. அன்று யாரும் போய் அளக்கவில்லை என்றால் அது போகும். கொழும்பு அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு விழும்.

இதில்தான் ஆறாம் நம்பர் கிளாக்கரோடு சண்டை வந்தது. ஆறாம் நம்பர் பசறை ரோட்டுக்கு மேலே இருந்த தோட்டம். அங்கே மழை அளக்கும் பொறுப்பு கிளாக்கருக்கு. மழைக் காலையில் அவர் கந்தோர் ஜன்னலால் வானத்தைப் பார்த்துவிட்டு ஓர் எண் சொல்வார். அவருடைய எண்கள் எல்லாம் ஐந்திலோ சைபரிலோ முடிவதை மிஸ் கண்டுபிடித்தார். ஒருநாள் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"ஆறாம் நம்பர், கிளாக்கர் ஐயா, இண்டைக்கு நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்த மாதிரிதான் மிஸ்."

"பார்த்தீங்களா?"

"வெளிய கால் வைக்க முடியலைங்க. முப்பதுன்னு போட்டுக்கங்க."

"பார்க்கல்ல எண்டா தெரியாது எண்டு செல்லுங்க. முப்பது எண்டு செல்ல வாணாம்."

"ஒரு கிளாக்கர் எப்படிங்க தெரியாதுன்னு சொல்றது?"

பன்னிரண்டு தோட்டத்துக்கும் ஒரே அலைவரிசை. மற்றப் பதினொரு கிளாக்கர்மாரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைகூடத் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று ஆறாம் நம்பர் முறைப்பாடு எழுதி அனுப்பினார்.

சேர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். "கொழும்புல கோடு கோடா வருதுன்னு கேக்கிறாங்க. பார்க்க நல்லா இல்லையாம். கோட்டுக்குப் பதிலா சைபர் போட்டா என்ன மிஸ்?"

"சைபர் எண்டா மழை இல்ல. கோடு எண்டா தெரியாது. ரெண்டும் ஒண்டில்ல சேர்."

"நடைமுறையில என்ன பெரிய வித்தியாசம்?"

"ஒரு வீட்டுக் கதவத் தட்டுறோம். உள்ள ஆள் இல்ல எண்டு தெரிஞ்சா திரும்பிப் போகலாம். ஆள் ஈக்கா எண்டு தெரியாட்டி இன்னொருக்காத் தட்டத்தானே வேணும்?"

 சேர், டீ இன்னும் வரவில்லையே என்று பியோனைக் கூப்பிட்டார். கோடு அப்படியே இருந்தது.

புரோகிராமை முடிப்பதற்கு முன் மிஸ் பன்னிரண்டு தோட்டத்தையும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரே நாளில் பெய்த ஆகக் கூடிய மழை எவ்வளவு? சில பேர் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஆறாம் நம்பர் புரட்டவில்லை. "இருநூறு மில்லிமீட்டருக்கு மேல இந்த மலையில பெய்யாது மிஸ். நான் கேரண்டி" என்றார். வேறு யாரும் அதைவிடக் கூடச் சொல்லவில்லை. மிஸ் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, ஒரு பைட் போதும் என்று முடிவு செய்தார்.

டிசம்பர் மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. அன்று காலை பதினொரு தோட்டமும் நேரத்துக்கு வந்துவிட்டன. ஆறாம் நம்பர் மட்டும் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. கிளாக்கருக்கு மூச்சு வாங்கியது.

"இருநூத்தி எண்பத்தொண்ணு."

திரும்பச் சொல்லச் சொன்னேன். "ரெண்டு, எட்டு, ஒண்ணு. மழை அளக்கிற போத்தல் நிரம்பி வெளித் தகரத்துலயும் தண்ணி நின்னுச்சு. எல்லாத்தையும் கிளாஸ் கிளாஸா ஊத்தி அளந்தேன். மிஸ்கிட்ட சொல்லுங்க, நான் நனைஞ்சுதான் நிக்கிறேன்."

281 என்று எழுதி மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் அடித்தார், அனுப்பினார். முதல் தடவையிலேயே போய்விட்டது. பத்து நிமிஷத்தில் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. நாலு தோட்டங்களின் நம்பரைச் சொல்லி, சரிவுக்குக் கீழே இருக்கும் லயங்களிலிருந்து ஆட்களை எழுப்பி வெளியேற்றச் சொன்னார்கள். அதோடு லைன் செத்தது. சேர் அந்த நாலு நம்பரையும் ஒரு துண்டில் எழுதி என்னிடம் நீட்டினார். நான் நாலு தோட்டத்துக்கும் சொன்னேன்.

அந்தத் துண்டில் ஆறாம் நம்பர் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு 281 என்று எழுதியது இதே கைதான். எனக்குத் தோன்றவில்லை. துண்டில் இருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். 

மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அனுப்பிய செய்தியைத் தானே திரும்பப் பிரித்து, திரையில் வந்ததை என் லாக் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிடுவார், வரிக்கு அடியில் அடிமட்டக் கோல் வைத்து. வேலையில்லாத வேலை என்று நான் நினைத்திருந்தேன். அன்று அடிமட்டம் ஆறாவது வரியில் நின்றது. புத்தகத்தில் 281. திரையில் 25.

அடிமட்டத்தை எடுத்துத் திரும்ப அதே வரியில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு பல்பு" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "இருநூத்தி அம்பத்தஞ்சோட நிறைஞ்சிட்டு. திரும்பவும் சைபர்ல இருந்து எண்ணியிருக்கு. மிச்சம் இருபத்தஞ்சி."

கொழும்பில் ஆறாம் நம்பரை ஒரு சாதாரண மழை என்று எடுத்திருக்கிறார்கள். எழுந்து சேரிடம் போனார். நானும் போனேன்.

"கொழும்பு குடுத்த லிஸ்ட்டுல இல்லாத தோட்டத்துக்கு நாம எப்படி மிஸ் சொல்றது? நமக்கு அதிகாரம் இல்லையே. லைன் வந்ததும் கேப்போம்."

"லைன் எப்ப வரும்?"

"வந்துரும், வந்துரும்."

மிஸ் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கை எடுத்தார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஆறாம் நம்பர், கிளாக்கர் ஐயா. நான் அனுப்பினதுல பிழை. உங்கட மழை கொழும்புக்கு இருபத்தஞ்சி எண்டு போயிருக்கு. என்ட பிழை. சரிவுக்குக் கீழ ஈக்கிற லயத்து ஆக்கள எழுப்புங்க."

பன்னிரண்டு தோட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது.  கிளாக்கர், தோட்டத்து மனேஜரான துரை பக்கத்தில்தான் நிற்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் இரைச்சல்.

"துரை கேக்கிறாரு, மலை இடியுமான்னு."

"தெரியாது."

"தெரியாதுன்னே சொல்லவா?"

"அப்பிடியே செல்லுங்க."

மறுபடியும் இரைச்சல். "துரை கேக்கிறாரு, தெரியாம முப்பது குடும்பத்த எப்படி மழையில எழுப்புறதுன்னு."

"தெரியாததாலதான் எழுப்பச் செல்றேன். தெரிஞ்சிருந்தா நேரத்தையும் செல்லியிருப்பேன்."

இந்தத் தடவை இரைச்சல் நீண்டது. சேர் வாசலில் வந்து நின்றார்.  பிறகு கிளாக்கரின் குரல் வந்தது. குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"மிஸ், துரை யோசிக்கிறாரு. நான் ஒண்ணு சொல்றேன். இருநூத்தி எண்பத்தொண்ணு நான் அளந்ததுதான். கண்ணால பார்த்து அளந்தேன். அது பொய்யில்லைங்க."

"தெரியும்" என்றார் மிஸ்.

"அப்ப நான் போறேன். துரை அப்புறம் யோசிக்கட்டும்."

கிளாக்கர் இரண்டு கங்காணிமாரையும் கூட்டிக்கொண்டு, சரிவுக்கு நேர் கீழே இருந்த மேல் லயத்துக்குப் போனார். கைக்குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் முதலில் இறக்கி, எல்லோரையும் தேயிலை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாதிப் பேர் இறங்கும்போதுதான் துரை யோசித்து முடித்து, சரி என்றாராம்.

ஒரு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பியோன் டீ கொண்டுவந்தார், மிஸ் குடிக்கவில்லை. இரண்டு மணிக்குச் சேர், இதற்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தார். இரண்டே காலுக்கு ரேடியோ கரகரத்தது.

"மேல் லயத்துல ஆறு காம்பரா இல்லைங்க மிஸ். ஆறு வீட்டையும் மண்ணு வந்து மூடிருச்சு."

"ஆக்கள்?"

"எண்ணினேன். ரெண்டு தடவ எண்ணினேன். எல்லாரும் இருக்காங்க."

மிஸ் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது. தண்ணீர் வீணாகிறது என்று சொல்லப்போன பியோனை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சேர் எழுதிய அறிக்கையில் டெலிபோன் லைன் கோளாறு என்று இருந்தது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. டெலிபோன் லைன் திரும்பிப் பேசாது. மிஸ் தனியாக ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினார். புரோகிராமை எழுதியது நான், ஒரு பைட்டில் 281 அடங்காது, அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு வரியை நான் எழுதவில்லை, லைனில் கோளாறு இல்லை என்று. சேர் அதைப் படித்துவிட்டு, "இப்படி எழுதினா உங்களத்தானே மிஸ் பிடிப்பாங்க" என்றார். உண்மையில் இரக்கத்தோடுதான் சொன்னார். பிடித்தார்கள். மார்ச்சோடு முடிகிற அவருடைய ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

அதற்குள் அவர் புரோகிராமைத் திருத்திவிட்டார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் எட்டுக்குப் பதிலாகப் பத்து பல்பு. ஆயிரத்துக்கு மேலும் எழுதலாம். கூடிய எண் வந்தால் மெஷின் வாங்காமல் நின்று கத்தும். பன்னிரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து எவ்வளவு இடம் கூடியது என்று கேட்டேன்.

"மூணு பைட்" என்றார். "அதைத்தான் நான் மிச்சம் பிடிச்சீக்கிறேன்."

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாம் நம்பருக்குப் போனோம். போக வேண்டும் என்றது அவர், துணைக்குப் போனது நான். பசறை பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் ஏறினோம். கிளாக்கர் குடையோடு காத்திருந்தார். ரேடியோவில் கேட்ட குரலுக்கு ஆள் மிகச் சின்னவர். மிஸ்ஸைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், முந்தின நாள் மழை நாலு மில்லிமீட்டர் என்றார். மிஸ் தலையாட்டினார்.

ஆறு காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் மேடாகக் கிடந்தது. ஒரு தகரக் கூரையின் முனை மட்டும் வெளியே தெரிந்தது. அங்கே இருந்த குடும்பங்களை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் தங்க வைத்திருந்தார்கள். மிஸ் வாசலில் நின்றார். உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்தது போலிருந்தது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கிளாக்கர், "இவங்கதான் அன்னைக்கு ரேடியோவுல பேசின மிஸ்" என்றார்.

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா? சோறு அடுப்புல கொதிச்சிக்கிட்டு இருந்துச்சி. இறக்கி வைக்கக்கூட விடல."

"ஓம்" என்றார் மிஸ்.

"பிள்ளைங்க மூணும் இருக்கு. மாமியாரும் இருக்கு. சாமி புண்ணியம், ஒங்க புண்ணியம். அத இல்லைங்கல." அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "பின்னால ரெண்டு ஆடு கட்டியிருந்தேன். ஒண்ணு சென. ஆட்டையும் அவுக்கச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

கிளாக்கர் பதறிப்போய் அவளை அடக்கப் பார்த்தார். மிஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கைப்பையைத் திறந்து சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்து, நின்றபடியே ஏதோ எழுதினார்.

"ஓம்" என்றார். "செல்லியிருக்கணும். எனக்கு அது நினைவு வரல்ல."

 அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு கோப்பையில் பால் இல்லாத பிளேன்டீ கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தாள். கூடவே, தொட்டுக்கொண்டு குடிக்க, உள்ளங்கையில் சீனி. மிஸ் அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மார்ச்சில் அவர் போனார். கொஞ்ச நாள் வாப்பாவின் கடையில் இருந்ததாகவும், பிறகு குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தகவல் இல்லை. போவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலை, எச்சரிக்கை வந்தால் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்க அறிவித்தல். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியவர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்த ஒரு வரியை, அரசாங்கக் கடிதத்தில் நன்றாக இல்லை என்று சேர் வெட்டினார். மிஸ் திரும்ப எழுதினார். சேர் திரும்ப வெட்டினார். மூன்றாம் தடவை சேர் ஊரில் இல்லாத நாளில் அது அச்சுக்குப் போய், பன்னிரண்டு தோட்டத்துக் கந்தோர்ச் சுவர்களிலும் ஏறியது.

'நேரம் இருந்தால் ஆடு மாடுகளையும் அவிழ்த்து விடவும்.'